மீதி

தை மாதம். கிளிநொச்சியில் இரணைமடுக் குளக்கட்டு. கட்டுக்குக் கீழே காலபோக நெல் பழுத்து நிற்கிறது. காற்றில் அதன் மணம்.

மடியில் கொப்பி. அதில் ஓர் எண்: 2147483647.

வாய்க்குள் சொல்கிறேன். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

மூச்சு நடுவில் ஒருமுறை அறுகிறது.



ஒரு நெல்மணி. பிறகு இரண்டு. பிறகு நான்கு. இப்படி இரட்டித்து இரட்டித்து முப்பத்தொரு தடவை. எல்லாவற்றையும் கூட்டினால் இந்த எண். ஆயிரம் மணி 25 கிராம் என்று வைத்தால், ஐம்பத்து மூன்று தொன்னுக்கும் மேல் நெல்.

மூன்று தடவையோடு நிறுத்துகிறேன். ஏழு மணிகள், கொப்பியின் மேல்.

இரண்டு வரிசை. ஒன்று மிஞ்சுகிறது.

மூன்று வரிசை. ஒன்று மிஞ்சுகிறது.

ஒற்றை வரிசையாக மட்டும் கிடக்கின்றன. உமியின் நுனி விரலில் குத்துகிறது.



நான்கு தடவை என்றால் பதினைந்து. ஐந்து ஐந்தாக மூன்று வரிசை.

பதினொரு தடவை: 2047. பிரியாது போலத் தோன்றுகிறது. 23 வரிசை, வரிசைக்கு 89. பிரிந்துவிடுகிறது.

முப்பத்தொரு தடவை. பிரிவதில்லை.



1772. சென் பீற்றர்ஸ்பேர்க். கணித அறிஞர் ஆய்லருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. 2147483647 முதன்மை எண் என்று அவர் காட்டுகிறார்.

46340 வரை வகுத்துப் பார்த்தால் போதும். அதிலும் எல்லா எண்ணும் வேண்டாம். 248 ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருபவை மட்டும். நானூற்றுக்கும் குறைவு.

அந்தக் கழித்துவிடுதல்தான் எனக்கு அழகாக இருக்கிறது. தொடாமலே ஆயிரக்கணக்கான எண்கள் விலகிப் போகின்றன.



அவற்றில் முதல் முதன்மை எண் 311. வகுக்கிறேன். மீதி 35.

அடுத்தது 1303. மீதி 226.

விடை தெரிந்ததுதான். கை நிற்கவில்லை.

முதன்மை என்பதை நேராகப் பார்க்க முடியவில்லை. இது இல்லை, இதுவும் இல்லை என்று மட்டும் வருகிறது.

ஒரு கொக்கு எழும்புகிறது. எண்ணம் அதோடு சற்றுத் தூரம் போகிறது. திரும்புகிறது.



பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 இலிருந்து நொடி நொடியாக எண்ணுகின்றன. 32 இருமக் கூறுகளில், ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு விட்டு, எண்ணுபவை எட்டக்கூடிய கடைசி நொடி, இதே எண். கிளிநொச்சியில் அப்போது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி.

அதுவும் தை மாதம். நெல் பழுக்கும் காலம்.



2024 ஒக்டோபரில் இதே வகை முதன்மை எண் வேறொன்று அறிவிக்கப்படுகிறது. இரட்டிப்பு 136279841 தடவை. அந்த எண்ணுக்கு 41024320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கமாக, உறங்காமல் வாசித்தால், ஒரு வருடமும் நூறு நாட்களுக்கு மேலும்.

இந்த வகையில் தெரிந்தவை 52. இவை தீருமா, தீராதா, எவரும் இன்னும் நிறுவவில்லை.



வெயில் கொப்பியின் பாதி வரை வந்துவிட்டது.

1489. இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்குகிறேன்.

மீதி 199.