போர்வையும் வாய்மையும்

மறைத்தல் எல்லாம் வஞ்சனைதானா? திறந்து காட்டுதல் எல்லாம் வாய்மைதானா? எளிதில் விடை கூறிவிடலாம் என்று தோன்றும் வினாக்கள் இவை. ஆயினும், ஒரு பழைய காரின் கூரையும் எம் தந்தையாரின் எழுதுமேசையும் எம்மை இவ்வினாக்களின் முன்னே நெடுநாள் நிறுத்திவைத்துவிட்டன. நடுவண் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் யாம் கார்க்கலையில் வல்லுநர் அல்லோம்; சொந்தமாகக் கார் வைத்திருந்ததும் இல்லை. ஆனால் அறத்தைப் பற்றிய வினா எந்த வாயில் வழியாக வரும் என்று யார் அறிவார்?

எம் தமக்கையின் மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கின்றான். அண்டை வீட்டு முதியவர் ஒருவர் மறைந்தபின், அவர் ஐம்பது ஆண்டுகளாகப் பேணிவந்த காரை அவருடைய மனைவியாரிடமிருந்து அவன் விலைக்கு வாங்கினான். 1970களின் தொடக்கத்தில் உருவான இரு கதவுக் கார். அதன் எஃகுக் கூரைமேல் தோலைப்போலத் தோன்றும் கறுப்பு வினைல் ஒட்டப்பட்டிருந்தது. அது வெடித்தும், ஆங்காங்கே கொப்புளம்போல் புடைத்தும் காணப்பட்டது. “உரித்து எறிந்துவிட்டு வண்ணம் அடி” என்றனர் நண்பர்கள். “அவர் அந்தக் கூரைக்காகவே அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தார்” என்றார் அம்மூதாட்டி. இரண்டுக்கும் நடுவே நின்ற அவன் ஒருநாள் இரவு எம்மைத் தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, இதை வச்சுக்கலாமா, எடுத்துடலாமா? நீங்கதான் சொல்லணும்.”

“காரைப் பற்றி என்னிடமா கேட்கிறாய்?”

“காரைப் பத்திக் கேக்கல மாமா. எது நியாயம்னு கேக்கறேன்.”

அவன் கேட்டதில் பொருள் உண்டு என்பது, அக்கூரையின் வரலாற்றைப் படித்தபோது எமக்குப் புலனாயிற்று. குதிரை வண்டிகளின் காலத்தில் தோலாலான மடக்குக் கூரைகள் இருந்தன. ஜெர்மனியின் லாண்டாவ் என்னும் ஊரின் பெயரால் வழங்கிய லாண்டோ வண்டிகளில், கூரையை மடக்கவும் விரிக்கவும் பக்கவாட்டில் வளைந்த இரும்புக் கம்பிகள் உதவின. பின்னர் எஃகுக் கூரைகள் வந்தன. மடக்கும் தேவை ஒழிந்தது. ஆனால் மடக்குக் கூரைக்கு இருந்த மதிப்பு ஒழியவில்லை. 1950ஆம் ஆண்டின் ஃபோர்டு கிரெஸ்ட்லைனர் காரில் எஃகுக் கூரைக்கு வினைல் போர்த்தினர். 1962இல் வந்த தண்டர்பேர்டு லாண்டோவில் வினைலோடு, பக்கத்தில் வளைந்த கம்பிகளையும் பொருத்தினர். அக்கம்பிகள் எதனையும் மடக்கா, வெறும் அணிகள். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நடுத்தரக் குடும்பங்களின் கார்களுக்கும் இந்தப் போர்வை வந்து சேர்ந்தது. 1969, 1970ஆம் ஆண்டுகளில் சில பிளிமத் கார்களின் கூரைகளில் பூ வேலைப்பாடு அச்சிட்ட வினைல்கூட இடம்பெற்றது. உண்மையான மடக்குக் கூரைக் கார்கள் அருகிவந்த காலத்தில்தான் அவற்றின் சாயல் எங்கும் பெருகியது என்பது எண்ணத்தக்கது.

இக்கூரையை வெறுப்பவர்கள் இரண்டு குற்றங்களைச் சாட்டுகின்றனர். முதலாவது, அது போலி. தோல் அல்லாதது தோலாகத் தோன்றுகின்றது; மடங்காதது மடங்குவதாக நடிக்கின்றது. இரண்டாவது, அது அழிவைப் பேணி வளர்க்கின்றது. வெயிலில் வினைல் காய்ந்து சிறு வெடிப்புகள் விடும். அவற்றின் வழியாகவும், பின்கண்ணாடி ஓரத்தில் உள்ள பளபளப்புச் சட்டங்களின் அடியாகவும் நீர் இறங்கும். இறங்கிய நீர் வெளியேற வழியின்றி அடியில் தங்கும். மெத்தைபோல் நுரைப்பஞ்சு வைத்துத் தைத்த கூரைகளில் அப்பஞ்சே நீரைப் பிடித்துவைக்கும். மேலே பளபளப்பு, கீழே துரு. கண்ணுக்குத் தெரியும் துருவை உடனே சுரண்டிவிடலாம். தெரியாத துரு ஓட்டை விழும்வரை வளரும்.

முதற் குற்றத்தை எடுத்துக்கொள்வோம். 1849இல் வெளிவந்த ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ என்னும் நூலில் ஜான் ரஸ்கின் என்ற ஆங்கில அறிஞர், ஒரு பொருளை வேறொரு பொருள்போல் காட்டும் பூச்சுகளைக் கடுமையாகக் கண்டிக்கின்றார். ஆயினும் பொன்முலாம் பற்றிப் பேசும்போது ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சுட்டுகின்றார். கட்டடத்தின்மேல் பூசிய பொன்முலாமை முழுப்பொன் என்று எவரும் நம்புவதில்லை; ஆகவே அங்கே ஏமாற்றம் இல்லை. அணிகலனில் பூசினால் முழுப்பொன் என்றே நம்புவர்; ஆகவே அங்கே ஏமாற்று. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், வினைல் கூரையைக் கண்டு அது மடங்கும் என்று நம்பி ஏமாந்தவர் இருந்திருக்க மாட்டார். அனைவரும் அறிந்த நடிப்பு நாடகமாகுமேயன்றி வஞ்சனையாகாது.

இன்னும் விந்தையான ஒரு சான்று உண்டு. 1970ஆம் ஆண்டில் பிளிமத் சூப்பர்பேர்டு என்னும் கார் பந்தயத்தில் ஓடும் தகுதி பெறுவதற்காக, பொதுமக்களுக்கும் விற்கும் வகையில் 1,900க்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. காற்றோட்டத்திற்காகப் பின்கண்ணாடிப் பகுதியை மாற்றி அமைத்தபோது, உலோக இணைப்பின் தழும்புகள் கூரையில் தெரிந்தன. அவற்றைத் தேய்த்து மெருகேற்றக் காலமும் செலவும் மிகும். ஆகவே எல்லாவற்றுக்கும் வினைலைப் போர்த்தி அனுப்பிவிட்டனர். போர்வை அங்கே ஒரு குறையை மறைக்கவே பிறந்தது. ஆனால் இன்று ஒருவர் அந்தக் காரின் வினைலை உரித்து, கூரையை மெருகேற்றி, ‘இதோ உண்மை’ என்று காட்டினால், பிறந்த நாளில் அந்தக் கார் இருந்திராத ஒரு கோலத்தை அல்லவா அவர் படைத்துக் காட்டுகின்றார்! மூலம் என்பது எப்போதும் அடியில்தான் இருக்கும் என்று நாம் எண்ணுவது எத்துணைப் பிழை!

நம் தஞ்சைப் பெரிய கோயில் இதே வினாவைத் தன் சுவர்களில் எழுதிவைத்திருக்கின்றது. கருவறையைச் சுற்றிய உட்பாதையில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலுள்ளதைச் சுரண்டினால் ஒரு காலம் அழியும். விட்டுவிட்டால் மற்றொரு காலம் மறைந்தே கிடக்கும். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்கள் சிலவற்றைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துக் காத்தனர். மேலே பூசியவனும் கலைஞனே என்ற பணிவு அச்செயலில் இருந்தது. பழங்கால உந்துகளைப் பேணுவதற்கென 2012இல் ஏற்கப்பட்ட டூரின் சாசனமும் ஏறத்தாழ இதே மனப்பான்மையுடையது. ஒரு வண்டி தன் பயன்பாட்டுக் காலத்தில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாறே என்பதும், இன்று நாம் செய்யும் மாற்றங்கள் எழுதிவைக்கப்பட வேண்டும் என்பதும் அதன் கருத்துகள்.

இவற்றையெல்லாம் மருமகனுக்குச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் எம் மனத்தை அரித்தது வேறொன்று. அதனை இங்கே ஒளியாமல் உரைப்போம்.

எம் தந்தையாரும் எம்மைப் போலவே எழுத்தர். 1970களில் தில்லிக்கு வந்து, அரசுக் குடியிருப்பின் ஓரறையில் குடும்பம் நடத்தியவர். அவ்வறையில் ஒரு மேசை இருந்தது. பழுப்பு ரெக்ஸின் போர்த்தி, ஓரமெங்கும் பித்தளைக் குமிழாணி அடித்த மேசை. அதன்மேல்தான் யாமும் உடன்பிறந்தாரும் படித்தோம். அது தேக்கு என்றே நம்பினோம். தந்தையார் மறைந்தபின், அதற்கு மெருகேற்றித் தேக்கின் அழகை வெளிக்கொணர விரும்பித் தச்சரிடம் கொடுத்தோம். ரெக்ஸினை உரித்தார். அடியில் இருந்தவை பேக்கிங் பெட்டிப் பலகைகள். சரக்கு எண்கள் அச்சிட்ட, கணுக்களில் மக்கு அடைத்த பலகைகள். தச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எம் அன்னையார் மட்டும் கண்கலங்கினார்.

“அப்பா மூடி வச்சதை நீ ஏண்டா திறந்தே? பிள்ளைங்க தேக்கு மேசையில உக்காந்து படிக்கணும்னு அவருக்கு ஆசை. கையில காசில்லை. ராத்திரியெல்லாம் உக்காந்து அந்த ஆணியை அவரே அடிச்சார்.”

உரித்த ரெக்ஸினில், தந்தையாரின் முழங்கைகள் பதிந்து தேய்ந்த இரண்டு வட்டங்கள் இருந்தன. அதனை ஏற்கெனவே குப்பையில் எறிந்திருந்தோம். உண்மையைக் காண விரும்பிய யாம், இருந்த உண்மையைத் தொலைத்துவிட்டோம். அவர் ஒருநாளும் அதனைத் தேக்கு என்று வாயால் சொன்னதில்லை. அவர் போர்த்தியது பொய்யை அன்று, தம் தன்மதிப்பை.

அப்படியானால் எந்தப் போர்வையையும் தொடலாகாது என்று முடிவு கட்டலாமா? அதுவும் இயலவில்லை. அதே மேசையின் இழுப்பறையில் ஒரு மருத்துவச் சீட்டு கிடைத்தது. நெஞ்சுவலிக்காக மேற்சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நாளிட்ட சீட்டு. மேசையைப் போர்த்திய அதே கை, அதே அன்பினால், நோயையும் போர்த்திவைத்திருந்தது. வீட்டில் எவரும் அறியோம். பலகையை மறைத்ததால் ஒருவருக்கும் தீங்கில்லை. நோயை மறைத்ததால் யாம் அவரையே இழந்தோம்.

இரண்டும் மறைத்தலே. வேறுபாடு எங்கே இருக்கின்றது? அடியில் உள்ளது காய்ந்து கிடக்கின்றதா, ஈரம் கோத்துக் கிடக்கின்றதா என்பதில் இருக்கின்றது. காய்ந்த பலகை போர்வையின் கீழ் நூறாண்டும் கிடக்கும். ஈரம்பட்ட எஃகு அங்கே நாள்தோறும் அரிக்கப்படும். நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். சொல்லத்தகாததை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலையும், துயர் தருவதை நல்ல சொல்லால் சொல்லும் மங்கலத்தையும் தமிழிலக்கணம் தகுதி வழக்கு என்று ஏற்றுக்கொண்டது. வாய்மையை வரையறுக்க வந்த வள்ளுவரும், பிறர்க்குத் தீங்கு விளையாமையையே அதன் அடையாளமாகக் கண்டார். போர்வையைக் கண்டவுடன் சினவாமலும், கண்டவுடன் மயங்காமலும், ‘இதன் கீழ் யாருக்கேனும் தீங்கு வளர்கின்றதா?’ என்று கேட்பதே முறை.

மருமகனிடம் யாம் சொன்னது இவ்வளவே: “ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார். ஈரம் இருந்தால் இரக்கம் காட்டாதே. காய்ந்திருந்தால் அவசரப்படாதே.”

பின்கண்ணாடி ஓரத்தை அவன் தூக்கிப் பார்த்தான். விரல் நுழையும் அளவுக்குத் துரு தின்றிருந்தது. வினைல் முழுவதையும் எடுத்தான்; அரிக்கப்பட்ட எஃகை வெட்டி நீக்கிப் புதிது பற்றவைத்தான்; துருத்தடுப்புப் பூச்சு அடித்தான். வெறுங்கூரையே போதும் என்றனர் நண்பர்கள். ஆனால் வண்டியின் தகட்டில் இருந்த குறியீடு, அது வினைல் கூரையோடு பிறந்தது என்று சான்று பகர்ந்தது. புதிய கறுப்பு வினைலைப் போர்த்தினான். அடியில் கண்டவற்றையும் செய்தவற்றையும் படமெடுத்து, குறிப்பெழுதி, காருக்குள்ளேயே வைத்தான். இனி அதனை வாங்குபவர் எவரும் ஏமாற வழியில்லை. மூதாட்டி வந்து கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சென்றாராம்.

ஊர்விட்டு வந்து வாழும் நம் இல்லங்களிலும் போர்வைகள் பல உண்டு. ஊருக்குப் போகும்போது உடுத்தும் புதுத்துணி, மடலில் எழுதும் ‘அனைவரும் நலம்’, தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைக்காக உறவினரிடம் நாம் சொல்லும் சாக்கு. இவற்றுள் எது காய்ந்த பலகை, எது ஈர எஃகு என்று அவரவரே மூலை தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறர் வீட்டுப் போர்வையை உரிக்கும் உரிமை நமக்கில்லை.

எம் வீட்டு மேசைக்கு மீண்டும் பழுப்பு ரெக்ஸின் போர்த்திவிட்டோம். ஆணிகளை யாமே அடித்தோம். வரிசை சற்றுக் கோணல்தான். இழுப்பறையின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, இது பெட்டிப் பலகை என்றும், இதனைப் போர்த்தியவர் இன்னார் என்றும், அறியாமல் உரித்தவர் யாம் என்றும் எழுதிவைத்திருக்கின்றோம். அதன் பக்கத்தில் எம் சொந்த மருத்துவச் சோதனைச் சீட்டுகள் இருக்கின்றன. அந்த இழுப்பறைக்குப் பூட்டு இல்லை.