வீடின்மையும் நம் விசாரணையும்

தெருவில் படுத்திருக்கும் ஒருவனைக் கண்டதும் நமக்குள் எழும் முதல் கேள்வி "ஏன் இப்படி ஆனான்?" என்பது. இதைக் கருணையின் அடையாளம் என்று எண்ணிக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் இது ஒரு தற்காப்பு. பதில் குடி என்று வந்தால், நாம் குடிப்பதில்லை; அல்லது அளவோடு குடிக்கிறோம். சோம்பேறித்தனம் என்று வந்தால், நாம் காலை ஒன்பதே முக்காலுக்கு ஆபீசில் இருக்கிறோம். வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்றால், நாம் சண்டையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். எந்தப் பதிலானாலும் நிம்மதிதான். கேள்வி அவனைப் பற்றியதாகத் தெரிகிறதே தவிர, அது உண்மையில் நமக்கு இப்படி நேராது என்ற உறுதியைத் தேடுகிற கேள்வி.

நான் ஜூஜுவாடிப் பக்கம், எல்லையோரத்தில், ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. நெடுஞ்சாலையில் சிறிது தூரம் நடந்தால் அத்திப்பள்ளி, எழுத்து கன்னடமாகிவிடும். இந்தப் பக்கம் 1970களில் வந்த சிப்காட், அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் எண்ணற்ற பட்டறைகள். ஓசூர் 1992இல் நகராட்சியானது, 2019இல் மாநகராட்சி. ஊர் பெரிதான வேகத்தில் வீடு பெருகவில்லை, வாடகை பெருகியது. லைன் வீடுகளில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். பகல் ஷிப்டுக்குப் போனவன் விட்டுச்சென்ற பாயின் சூடு ஆறுமுன் இரவு ஷிப்டு முடித்தவன் வந்து படுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வீடு இருக்கிறது என்று நாம் கணக்கு எழுதுகிறோம். ஷிப்டு மாறினாலோ, கான்ட்ராக்டர் மாறினாலோ, காய்ச்சலில் பத்து நாள் படுத்தாலோ அந்தப் பாய் போய்விடும். வீடுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையில் நாம் கற்பனை செய்துகொள்ளும் பள்ளம் இங்கே ஒரு பாயின் அகலம்தான்.

எங்கள் கிளையின் ஏ.டி.எம். அறையில் ஒருவன் இரவில் படுப்பதுண்டு. ஜூஜுவாடி வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலத்தில் கண்ணாடி துடைத்தும், டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தும், தார்ப்பாய் கட்டியும் பிழைத்தவன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாடெங்கும் அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரிகள் நிற்காமல் போகத் தொடங்கின. அது நல்ல சீர்திருத்தம் என்றே நானும் கருதுகிறேன். லாரி நிற்பதால் யாருக்கும் லாபமில்லை, நின்ற லாரியை நம்பியிருந்தவர்களைத் தவிர. அவன் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. "லாரி நிக்கறதில்ல சார்" என்றான், மழை பெய்யவில்லை என்பதைப்போல.

ஒருநாள் பகலில் கவுன்டருக்கு வந்தான். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பணம், மூவாயிரத்துச் சொச்சம். கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்றான். தூங்கும்போது எடுத்துவிடுகிறார்களாம். நான் விலாசத்துக்கு ஆதாரம் கேட்டேன். இல்லை என்றான். "விலாசம் இல்லாம எப்படிப்பா?" என்றேன். "விலாசம் எதுக்கு சார்? பணம்தான் இருக்கே." பின்னால் வரிசை நீண்டிருந்தது; கொண்டு வா, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

நான் செய்தது தவறு. மனிதாபிமானத்தின்படி தவறு என்று சொல்ல வரவில்லை, விதிகளின்படியே தவறு. 2010இலிருந்தே சிறு கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு புகைப்படம், அதிகாரியின் முன்னால் வைக்கும் கையெழுத்து அல்லது கைநாட்டு, அவ்வளவு போதும். இருப்பு ஐம்பதாயிரத்துக்கு மேல் போகக்கூடாது, வருஷ வரவு ஒரு லட்சத்துக்குள், மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஒரு வருஷம் செல்லும். ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு வருஷம். இது எனக்குத் தெரியும். தேர்வுக்குப் படித்திருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. அவனைப் பார்த்ததும் என் மனம் விதிகளைத் தேடவில்லை, காரணத்தைத் தேடியது. வாயில் வாடை இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவனை நான் ஒருமையில் பேசினேன். இங்கும் 'அவன்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். 'அவர்' என்று திருத்தி எழுதிப் பார்த்தேன். காகிதத்தில் மட்டும் மரியாதை செய்வது போலியாக இருந்தது, திரும்ப அடித்துவிட்டேன்.

அவன் குடிக்கிறான் என்பது உண்மை. அனுதாபிகள் இந்த இடத்தில் தடுமாறிப்போகிறார்கள். குடிக்கவில்லை என்று நிரூபிக்கப் பார்க்கிறார்கள். தேவையில்லை. கடைசி பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். ஐம்பது பேர் ஏறக்கூடிய பஸ்ஸுக்கு அறுபது பேர் நிற்கிறார்கள். ஏற முடியாமல் போன பத்துப் பேரை விசாரித்தால் பத்துக் காரணம் கிடைக்கும். ஒருவன் நொண்டி, ஒருவன் குடித்திருந்தான், ஒருத்தி கையில் குழந்தை. எல்லாக் காரணங்களும் மெய். ஆனால் யார் விடுபட்டார்கள் என்பதற்குத்தான் அவை காரணம். பத்துப் பேர் விடுபட்டதற்கு அல்ல. அந்தப் பத்துப் பேரையும் திருத்தி, குணப்படுத்தி, அடுத்த இரவு கொண்டுவந்து நிறுத்தினாலும் பத்துப் பேர் நிற்பார்கள். குடிப்பவர்கள் மாடிவீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் குடித்துவிட்டு வீட்டில் விழுகிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் வீடற்றவர்களை பிப்ரவரி 28 அன்று இரவில் எண்ணினார்கள். நடைபாதை, மேம்பாலத்தடி, மாடிப்படியின் கீழ், கோயில் மண்டபம், ரயில் பிளாட்பாரம், சாக்கடைக்குப் போடும் பெரிய சிமெண்ட் குழாய் என்று அவர்களுடைய இருப்பிடங்களின் பட்டியலை அரசாங்கமே தருகிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அதில் நகரங்களில் மட்டும் 9.4 லட்சம். ஒரே இரவில் எண்ணி முடிக்க, இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் ஒத்துழைத்திருக்க வேண்டும் என்பதால் உண்மைத்தொகை அதிகமாகவே இருக்கும். அதே கணக்கெடுப்பில் நகரங்களில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடியே பத்து லட்சம் அளவில். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு ஒருவனுடைய வாயை முகர்ந்து பார்ப்பது விசித்திரமான காரியம்.

சட்டம் முகர்ந்து பார்ப்பதோடு நிற்பதில்லை. எல்லையின் இந்தப் பக்கத்துக்கு 1945ஆம் வருஷத்துப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். அந்தப் பக்கத்துக்குக் கர்நாடகத்தின் 1975ஆம் வருஷத்துச் சட்டம். இரண்டுக்கும் மூதாதை, நெப்போலியனோடு போரிட்டுத் திரும்பி வேலையின்றி அலைந்த சிப்பாய்கள் லண்டன் தெருக்களில் கண்ணுக்கு உறுத்தியதால் இங்கிலாந்து 1824இல் செய்துகொண்ட நாடோடிகள் சட்டம். பெங்களூரில் சொத்துவரியோடு சேர்த்து மூன்று சதவீதம் பிச்சைக்காரர் நிவாரணத்துக்கென்று வசூலிக்கிறார்கள். வீடுள்ளவன் வீடற்றவனுக்குத் தருகிற வரி. கேட்க நன்றாக இருக்கிறது. 2010 ஆகஸ்டில் அந்நகரத்துப் பிச்சைக்காரர் மறுவாழ்வு மையத்தில் சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகள் செல்லாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் சொன்னது டெல்லிக்கு மட்டும். அதற்கும் முன்னால், 1985இல், பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகவே கண்டது: இவர்கள் நடைபாதையில் இருப்பது வேலை அங்கே பக்கத்தில் இருப்பதால், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி. கண்டுவிட்டு, உரிய அறிவிப்போடு அப்புறப்படுத்தலாம் என்றும் தீர்ப்பளித்தது. நானும் விதியைத் தெரிந்துகொண்டே அனுப்பியவன்தான். நீதிபதிகளைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை.

நம் போன்றவர்களின் விஷயத்துக்கு வருகிறேன். ஜி. நாகராஜன் தம் கடைசி வருஷங்களில் நிலையான இருப்பிடமின்றித் திரிந்து 1981இல் மதுரையில் இறந்தார். அந்த அலைச்சலைப் பற்றி நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம், எவ்வளவு பேசியிருக்கிறோம்! அது கலகம், அது தேர்வு, அது மத்தியதர மதிப்பீடுகளின் நிராகரிப்பு. இருக்கலாம். ஆனால் நடைபாதையில் படுத்திருக்கும் பெயர் தெரியாதவனைப் பற்றிப் பொதுஜனம் சொல்வதும் இதே சொல்தான்: அவனாகத் தேடிக்கொண்டான். எழுத்தாளனுக்கு அது புகழ், மற்றவனுக்கு அது தீர்ப்பு. பசியும் கொசுவும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும் என்பது நமக்கு உறைக்கவில்லை. பட்டினத்தாரிலிருந்தே இந்தக் குழப்பம் தொடங்குகிறது. இருந்த வீட்டைத் துறந்தவனை வணங்குகிறோம்; இல்லாத வீட்டைத் துறக்க முடியாதவனுக்கு நம் ஞானமரபில் இடமே கிடையாது.

பெக்கெட்டை வைத்து நாம் நடத்திய விவாதங்களும் அப்படித்தான். கோடோ யார், கடவுளா, மரணமா, அந்த மரம் எதன் குறியீடு என்று இரவெல்லாம் பேசியிருக்கிறோம். நாடகம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே எஸ்ட்ரகன் தான் ராத்திரி ஒரு பள்ளத்தில் கிடந்ததையும், தன்னை அடித்ததையும் சொல்லிவிடுகிறான். யார் அடித்தார்கள் என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை. புதுமைப்பித்தன் இதில் நேர்மையானவர். 'மகாமசான'த்தில் மௌண்ட் ரோடு நடைபாதையில் செத்துக்கொண்டிருக்கும் பிச்சைக்காரனைக் குறியீடாக்கவில்லை. கடந்துபோகிற நகரத்துக்குத்தான் மயானம் என்று பெயர் வைத்தார்.

இடதுசாரி நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அவன் அமைப்பின் விளைபொருள், அமைப்பு மாறாமல் ஒன்றும் ஆகாது" என்றார். அமைப்பைப் பற்றி அவர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. எண்களை மேலே தந்திருக்கிறேன். ஆனால் மூவாயிரம் ரூபாய் சேர்த்து, அதைப் பத்திரப்படுத்த ஓர் இடம் தேடி, வரிசையில் நின்றவன் விளைபொருள் அல்ல. குடிகாரன் என்று சொல்லி அவனைப் பார்க்காமல் இருப்பது ஒரு வகை. அமைப்பு என்று சொல்லிப் பார்க்காமல் இருப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் நம் மனசாட்சிக்குக் கொஞ்சம் வசதி கூடுதல்.

செப்டம்பர் 2016இல் காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்தபோது, இரு மாநில பஸ்களும் எல்லையோடு நின்றன. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே நடந்தார்கள். நானும் நடந்தேன். வழியில் யார் யாரோ தண்ணீர் தந்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. காரணம் ஊருக்கே தெரிந்திருந்தது, எங்கள் மேல் குற்றமில்லாத காரணம். அன்றிரவு வழியில் ஒரு பஸ் நிலையத்தின் தரையில் பேப்பர் விரித்துப் படுத்தேன். காவலுக்கு இருந்தவர் வந்து, "பையைத் தலைக்கு வெச்சுக்க தம்பி, திருட்டுப் பயலுங்க சுத்தறானுங்க" என்றார். சொல்லிவிட்டு, எனக்கு இரண்டடி தள்ளிப் படுத்திருந்த ஒருவனைத் தடியால் தட்டி எழுப்பி வெளியே போகச் சொன்னார். அவன் தினமும் அங்கே படுப்பவன். என் தலைக்குக் கீழே பை இருந்தது, பைக்குள் வீட்டுச்சாவி இருந்தது. அது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அவன் எழுந்து போனதும் அந்த இடத்துக்கும் சேர்த்துக் காலை நீட்டிக்கொண்டேன்.

நம் பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. வழிப்போக்கன் யாரென்று கேட்காமல் படுக்கவிட்ட இடம் என்று அதைப் புகழ்வது வழக்கம். எல்லா ஜாதிக்காரனும் எல்லாத் திண்ணையிலும் படுக்க முடிந்ததா என்று கேட்டால் புகழ்ச்சி பாதியில் நின்றுவிடும். சத்திரங்களின் கதையும் அதுவே. ஆகவே பழமையை நினைத்து ஏங்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அந்நியன் ஒருவன் இரவில் வருவான் என்ற எண்ணம், அது எவ்வளவு குறுகியதானாலும், வீடு கட்டும் திட்டத்திலேயே ஓர் அங்கமாக இருந்தது. இன்று அவன் வரக்கூடும் என்பதற்காகத்தான் கேட்டில் கம்பி.

ஏ.டி.எம். அறைக்கு இப்போது இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறக்கிவிடுகிறார்கள். வாடிக்கையாளர்கள் புகார் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களைத் தேதியிட்டுக் கோப்பில் சேர்த்தவன் நான். சிறு கணக்குக்கான படிவம் ஒன்றை எடுத்து என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பக்கத்து டீக்கடையில் அவனை விசாரித்தேன். "அத்திப்பள்ளிப் பக்கம் பார்த்ததா யாரோ சொன்னாங்க சார்" என்றார் கடைக்காரர். பிறகு, "ஏன், எதையாவது எடுத்துட்டானா?" என்று கேட்டார்.