தளர்ந்த நெஞ்சும் தளராத விரதமும்

கீரிப்பாறை மலைச்சாரலில், ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளர் கதிர் எழுமுன்னரே கத்தியுடன் புறப்படுகின்றனர். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். ஒருவர் ஏறத்தாழ 300 மரங்களைச் சீவவேண்டும். மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழச் சீவினால் மரம் புண்படும். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு தீர்மானம் காத்திருக்கிறது. கை களைத்தது என்பதற்காகக் கடைசி மரத்தின் பட்டை தடித்துவிடுவதில்லை.

மனமும் இவ்வாறே களைக்குமோ? இஸ்ரேல் நாட்டில் கைதிகளின் பரோல் மனுக்களை விசாரித்த நீதிபதிகளைப் பற்றி 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமர்வின் தொடக்கத்தில் நூற்றுக்கு 65 அளவில் இருந்த சாதகமான தீர்ப்புகள், இடைவேளை நெருங்க நெருங்க அருகிப்போயின. இளைப்பாறி உண்ட பின்னர் மீண்டும் உயர்ந்தன என்றது அவ்வாய்வு. வழக்குகள் வந்த வரிசையே இதற்குக் காரணமாகலாம் என்று வேறு அறிஞர் மறுத்ததும் உண்டு. வாதம் எவ்வாறு முடியினும் ஒரு வினா எஞ்சுகிறது: தீர்ப்பவரின் களைப்புக்குக் கடைசியில் நிற்பவர் விலை கொடுப்பது அறமாகுமா?

ஆகாது. களைப்பு குற்றமன்று, அஃது உடல் கொண்டோர் இயல்பு. தன் களைப்பை உணராது பிறர் வாழ்வைத் தீர்ப்பதே குற்றம். மாலையில் வந்த ஏழையை விசாரியாமலே திருப்பும் அலுவலரும், இரவில் மகனின் கேள்விக்குச் சீறும் தந்தையும் இதனை எண்ணுதல் நன்று.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று ஓய்வு. ரப்பர் மரத்துக்கே ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வளிக்கும் முறை உண்டு. மற்றொன்று விரதம், தெளிந்த வேளையில் ஒருமுறை தீர்மானித்து, தளர்ந்த வேளையிலும் அதனைக் காப்பது. ஏகாதசி நோற்பவர் உண்பதா வேண்டாவா என்று அன்று முழுதும் தம்மோடு வாதிடுவதில்லை.

பிராட்டியைப் பிரிந்த துயரோடும் போர்ச்சுமையோடும் கடற்கரையில் இருந்த சக்கரவர்த்தித் திருமகனிடம் விபீஷணாழ்வான் அடைக்கலம் புகுந்தான். ஏற்கலாகாது என்றார் சுக்ரீவ மகாராஜர். பெருமாள் அனைவர் சொல்லையும் பொறுமையுடன் கேட்டருளினார். ஆயினும் ஒருமுறை சரணம் என்றவனைக் காப்பது தம் விரதம் என்றே முடிவு கூறினார். விரதம் சிந்தனையை விலக்கவில்லை. துயரம் கருணையைக் குறைக்க இடந்தரவுமில்லை.

சந்நிதியில் சடாரி, முதலில் நின்றவர்க்கும் கடைசியில் நின்றவர்க்கும் ஒன்றுபோலவே சாதிக்கப்பெறுகிறது. அந்த நியமம் வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் உடன் செல்லுமாயின், வரிசையின் கடைசியில் நிற்பவர் அஞ்ச வேண்டுவதில்லை.