கால்வாசிப் பேய்கள்

1982இல் அட்டாரி 2600க்கு வந்த பேக்-மேனை எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. ஆர்கேடில் பளிச்சென்று துரத்திய நான்கு பேய்களும் இங்கே மங்கி, மினுங்கின. ‘இதையா காசு குடுத்து வாங்கினாங்க?’

காரணம் தெரிந்ததும் சிரிப்பு அடங்கியது. 128 பைட் நினைவகம். திரையில் இரண்டு பேர் மோதிக்கொள்ளும் ஆட்டங்களை மனதில் வைத்துச் செய்த கருவி. நிரல் எழுதிய டாட் ஃப்ரை ஒரு பேயைக்கூட விடவில்லை. ஒரு ஃப்ரேமுக்கு ஒன்று என நான்கையும் முறைவைத்து வரைந்தார். ஒவ்வொன்றும் கால்வாசி நேரம்தான் திரையில் இருந்தது.

அதே கருவிக்கு 1980இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸைக் கொண்டுவந்த ரிக் மௌரர், 55 எதிரிகளை 36 ஆக்கினார். ஆள் குறையக் குறைய வேகம் கூடும் அந்தப் பதற்றத்தை மட்டும் விடவில்லை. விளையாடும்போது மீதி 19 பேரை நான் தேடவே இல்லை.

அப்போ எது விசுவாசம்? எல்லாவற்றையும் கொண்டுவருவதா, எதை விடலாம் என்று முடிவெடுப்பதா? மௌரர் பக்கம்தான் நியாயம் என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் விடவேண்டியது மனுஷங்களை என்றால்?

அம்மா, நண்பன், வேலை, எழுத்து என்று நானும் முறைவைத்துத்தான் வாழ்கிறேன். ‘லைன்ல இருக்கியாடா?’ என்று அம்மா கேட்கும்போது மினுங்கிக்கொண்டிருக்கிறேன். யாரையும் விட்டதில்லை என்பது என் பெருமை. அதற்கான விலையை அவர்கள்தான் கொடுக்கிறார்கள்.