வாடகை வண்டியும் மண்குதிரையும்

எழுமலையில், மேற்கே மலைத்தொடர் தெரியும்படி அமைந்த என் வீட்டுத் திண்ணையின் மாடக்குழியில், மாலை விளக்குக்கு இடப்புறமாக, உள்ளங்கையில் அடங்கும் மோட்டார் வண்டி ஒன்று பல வருஷங்களாக நின்று வந்தது. 1905ஐ ஒட்டிய வருஷங்களில் பாரிஸ் நகர வீதிகளில் வாடகைக்கு ஓடத் தொடங்கிய ரெனோ வண்டியின் பிரதிமை அது. அசலின் அளவில் 43இல் 1 பங்கு. இயந்திரத்தை மூடிய முகப்பு முன்புறம் சரிந்து இறங்குகிறது. பிரயாணிகளின் தலைக்கு மேல் கூரை உண்டு. ஓட்டுகிறவன் மட்டும் வெயிலிலும் மழையிலும் திறந்த ஆசனத்தில் உட்கார வேண்டும். அவன் கைக்கருகே, எள்ளளவில், வாடகையைக் கணக்கிடும் மீட்டரைக்கூடச் செய்து வைத்திருக்கிறார்கள்.

இதை எனக்கு அனுப்பியவர், புதுச்சேரியில் நான் உத்தியோகம் பார்த்த நாட்களில் அடுத்த வீட்டில் குடியிருந்து, பின்பு குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு நண்பர். அந்நாட்டின் பழைய வாடகை வண்டிகளின் சிற்றுருவங்களை, ரெனோ முதல் பெழோ 403, 404 வரையில், கண்ணாடிப் பேழைகளில் வரிசைப்படுத்திச் சேர்ப்பதே அவருடைய ஓய்வுக்கால விரதம். நோரேவ், சொலிடோ என்னும் தொழிற்சாலைகளின் பெயர்களை, நம்மூர்ப் பெரியவர்கள் திவ்யதேசங்களின் பெயரை அடுக்குவதுபோல, அவர் கடிதத்தில் அடுக்குவார். வண்டியைக் காட்டிலும் அது வந்த அட்டைப்பெட்டி பழுதுபடாமல் இருப்பது முக்கியமாம். குழந்தை ஒருமுறை உருட்டிவிட்டால் மதிப்பு பாதியாகிவிடுமாம். சென்ற தை மாதம் எழுதிய கடிதத்தில், வரிசையில் ஒன்றே ஒன்று குறைகிறது என்றும், இருப்பவை அத்தனையும் கண்ணில் படாமல் அந்த வெற்றிடமே இரவில் கண்முன் நிற்கிறது என்றும் எழுதியிருந்தார்.

பற்றைப் பற்றி நான் படித்த சாஸ்திரங்களெல்லாம் உள்ள பொருளின்மேல் வைக்கும் ஆசையையே பெரும்பாலும் பேசுவதாக எண்ணியிருந்தேன். இல்லாத பொருளே ஒருவனை இறுகக் கட்டும் என்பதை இந்த நண்பரின் கடிதத்தில்தான் கண்கூடாகக் கண்டேன். அதிலும் அவர் சேர்ப்பது வாடகை வண்டி. ஏறி அமர்ந்தவனுக்கு அந்தப் பிரயாணம் முடியும் வரையில் மாத்திரமே உரியதாயிருந்து, அவன் இறங்கிய க்ஷணத்தில் அடுத்தவனுக்கு உரியதாகிவிடுவது எதுவோ அதுவே வாடகை வண்டி. அதைச் சொந்தமாக்கிப் பூட்டி வைப்பதென்றால், அதன் சுபாவத்தையே மாற்றி வைப்பதாகாதா?

1914 செப்டம்பர் 6, 7ஆம் தேதி இரவுகளில், ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கிவிட்ட சமயத்தில், தளபதி கலியேனியின் ஆணைப்படி இதே ஜாதி வண்டிகள் ஏறக்குறைய 600, துருப்புகளை ஏற்றிக்கொண்டு மார்ன் போர்க்களத்தை நோக்கிச் சென்றன. அந்த யாத்திரையிலும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது காட்டிய தொகையில் 27 சதவீதம் என்று கணக்கிட்டு, 70,012 பிராங்கை அரசாங்கக் கருவூலம் பின்னால் கொடுத்துத் தீர்த்தது. மரணத்தை நோக்கிப் போகிற சவாரிக்கும் வாடகை ஓடியது என்பதை நினைக்கும்போது, இந்தச் சரீரத்தை வாடகை வீடு என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்ததன் கனம் எனக்கு விளங்குகிறது. திரும்பி வந்த வண்டியில் மறுநாள் யாரோ ஒருவர் ஏறிக் கடைவீதிக்குப் போயிருப்பார்.

பிரெஞ்சு வாடகை வண்டி என்றால் பாரிஸுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையிலேயே புஷ்வண்டி என்று ஒன்று வாடகைக்கு ஓடியது. அதில் சவாரி செய்பவர் முன்னால் அமர்ந்து, திசை திருப்பும் தண்டைத் தம் கையில் பிடித்துக்கொள்வார். தள்ளுகிற ஆள் முதுகுக்குப் பின்னால் ஓடிவருவான். கடோபநிஷத்தில் உடம்பைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும் உருவகம் செய்த ரிஷிக்கு, இழுக்கிற சக்தி கண்ணெதிரே நின்றது. புஷ்வண்டியிலோ, வழி தன் கையில் இருக்கிறது என்று அமர்ந்தவர் நினைக்கலாம்; அந்த நினைப்பு முழுப் பொய்யும் அன்று; ஆனால் வண்டியை நகர்த்துகிற மூச்சு அவர் காணாத இடத்திலிருந்து வருகிறது. யந்திரத்தில் ஏற்றப்பட்டவைபோல ஜீவர்களை, அவர்கள் இருதயத்திலேயே நின்று ஈசுவரன் சுழற்றுகிறான் என்று கீதையின் 18ஆம் அத்தியாயம் கூறுவதற்கு இதைவிட நெருங்கிய திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. பின்னால் ஓடிவந்த அந்த ஏழை மனிதனின் மூச்சிரைப்பை உவமையாக்கி இன்புறுவது தகுமா என்ற கூச்சமும் இதை எழுதும்போது உண்டாகிறது.

உருவத்தைச் சிறிதாக்கிப் போற்றுவதே அறிவின் இளமை என்று சொல்லும் வேதாந்திகள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை லோகாசாரியர், ஈசுவரனுடைய மற்ற நிலைகளை நிலத்தடி நீருக்கும், அண்டத்தைச் சூழ்ந்த நீருக்கும், பாற்கடலுக்கும், அவதாரங்களைப் பெருக்காற்றுக்கும் ஒப்பிட்டு, கோயில்களில் நிற்கும் அர்ச்சா திருமேனியை, ஆற்றில் வெள்ளம் வடிந்த பின் தேங்கி நிற்கும் மடுவுக்கு ஒப்பிட்டார். வைகையின் மணலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், ஓடை வற்றினால் ஊற்றுத் தோண்டிக் குடிக்கும் எங்கள் மானாவாரிச் சீமையாருக்கும் இதற்கு வியாக்கியானம் வேண்டுவதில்லை. தாகமுள்ளவன் கைக்கு எட்டும்படி பெரியது சிறியதாகி நிற்பதையே சௌலப்யம் என்றார்கள்.

அந்த ஆசாரியரே, 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பில் திருவரங்கத்து உற்சவ மூர்த்தியைக் காக்கும்பொருட்டு, நூறு பிராயம் கடந்த உடலோடு காடும் மேடும் கடந்து வந்து, ஜ்யோதிஷ்குடியில் திருநாடடைந்தார் என்று வைணவ மரபு கூறுகிறது. யானைமலைக்கு அருகிலுள்ள கொடிக்குளத்தையே அவ்வூராகக் கொள்வார்கள். மூர்த்தியோ மேலும் பல ஊர்களைக் கடந்து, 1371இல்தான் அரங்கம் திரும்பியது. அவர் அதைப் பார்க்கவில்லை. உயிரினும் மேலாக நேசித்த சிற்றுருவத்தை அவர் உடைமையாகக் கொள்ளாமல், தம் பங்குக்குச் சில காத தூரம் சுமந்து, அடுத்தவர் தோளுக்கு மாற்றிக் கொடுத்தார். நேசத்துக்கும் உடைமைக்கும் உள்ள தூரத்தை நான் கொடிக்குளத்தில் நின்றபோதுதான் அளந்தேன்.

எங்கள் பக்கத்து அய்யனார் கோயில்களிலும் ஓடாத வாகனங்கள் நிற்கின்றன. நேர்ந்துகொண்டவர்கள் புரவி எடுப்புக்கு வேளாரிடம் சொல்லிச் செய்வித்துத் தலையில் சுமந்து வந்து இறக்கிய மண்குதிரைகள் அவை. காது உதிர்ந்தும், மூக்கு கரைந்தும், வயிற்றில் புல் முளைத்தும் நிற்கும் பழங்குதிரைக்குப் பக்கத்திலேயே, சுண்ணாம்பும் காவியும் மணக்கப் புதுக்குதிரை நிற்கும். பழையதை ஒருவரும் பழுதுபார்ப்பதில்லை. இவ்வளவு வேலைப்பாட்டை மழையில் விடலாமா என்று ஒரு வேளாரிடம் கேட்டேன். களிமண் அப்பிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “நாம ஏறிப் போறதுக்கா செய்றோம், வாத்தியாரய்யா? சாமி ராத்திரிக் காவலுக்கு ஏறிப் போறதுக்கு. கொடுத்தாச்சுன்னா அது நம்ம குதிரை இல்லையே.” மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று கேட்கும் பழமொழியை அவர் அறியாதவர் அல்லர்.

வீடு திரும்பியபோது அடுத்த வீட்டுப் பேத்தி திண்ணையில் இருந்தாள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிறுதேர்ப் பருவத்தைக் கடைசியாக வைத்த புலவர்கள், தேரை உருட்டியருள வேண்டும் என்றுதான் குழந்தையை இரந்தார்களேயன்றி, எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லவில்லை என்ற நினைவு வந்தது. மாடத்திலிருந்து வண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தரையில் வைத்துத் தள்ளியபோது, சக்கரங்கள் சுழன்றன. இத்தனை வருஷங்களில் நான் அதைச் சோதித்துப் பார்த்ததே இல்லை.

இப்போது வண்டி மாடத்தில் நிலையாக இருப்பதில்லை. ஒரு நாள் அவள் வீட்டு முற்றத்தில் கிடக்கும். ஒரு நாள் வேப்பம்பழம் ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்கும். கூரையோரத்தில் செஞ்சாயம் உதிர்ந்துவிட்டது. முன்சக்கரம் ஒன்று சற்றே கோணியிருக்கிறது. நண்பருக்கு இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.