இடம் தந்தால் போதுமா?

பூந்தமல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி இயங்கி வருவதை நாம் அறிவோம். ஆறு புள்ளிகளைக் கொண்ட பிரெயில் எழுத்தில், விரல்நுனியால் தமிழ் படிக்கும் பிள்ளைகள் அவர்கள். இவர்கள் ஏன் தனியே பயில வேண்டும்? 1994-இல் வெளியான சலமான்கா அறிக்கை அனைவருக்கும் பொதுப்பள்ளியையே பரிந்துரைத்தது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது.

ஆயினும், பிரெயில் நூலோ அதனை அறிந்த ஆசிரியரோ இல்லாத வகுப்பில் ஒரு குழந்தையை அமர்த்திவிட்டு, சேர்த்துக்கொண்டோம் எனலாமா? கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லாதபோது, அக்குழந்தை நண்பர்களின் நடுவிலும் தனித்தே இருக்கிறது. இடம் தருவது எளிது. கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்வது நம் உழைப்பைக் கேட்கிறது. அவ்வுழைப்பை நல்க நாம் முன்வராதவரை, தனிப்பள்ளியைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை.