ஏழு மீட்டர் உயரத்தில் ஒரு வாசல்

பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
(மலாக்கி 4:1-2, 2 தெசலோனிக்கர் 3:7-12, லூக்கா 21:5-19)



இன்றைய நற்செய்தியில் சிலர் எருசலேம் கோவிலைப் பார்த்து வியந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அழகான கற்கள், காணிக்கையாக வந்த பொருள்கள் என்று அவர்கள் வாய் ஓயவில்லை. ஏரோது மன்னன் தொடங்கிய அந்தத் திருப்பணி இயேசுவின் காலத்திலும் முடிந்தபாடில்லை. பார்த்தவர் எவரும் வியக்கத்தான் செய்வார்கள். ஆனால் ஆண்டவர், இவையெல்லாம் தரைமட்டமாகும் நாள் வரும் என்கிறார். கி.பி. 70இல் உரோமைத் தளபதி தீத்துவின் படை அதைச் செய்து முடித்தது.

கேட்டவர்களுக்கு வந்த முதல் கேள்வி, அது எப்போது நடக்கும் என்பது. இன்றும் நமக்கு அதே அவசரம்தான். யாராவது உலக முடிவுக்கு நாள் குறித்து வீடியோ போட்டால் ஒரே இரவில் ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது. ஆண்டவரோ நாள் எதையும் குறித்துத் தரவில்லை. ஏமாந்து போகாதீர்கள், திகிலுறாதீர்கள், கடைசிவரை மனவுறுதியோடு இருங்கள் என்ற மூன்றை மட்டும் சொல்கிறார்.

எது மனவுறுதி? அசையாத மதிலுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருப்பதா? இந்தக் கேள்வியோடு உங்களைத் தொலைவில் உள்ள ஒரு தீவுக்கு அழைத்துப் போகிறேன்.

இத்தாலியின் பெருநிலத்துக்கு மேற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கிறது சார்டினியா. உரோமையில் படித்த நாள்களில் அங்கே போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தீவின் நடுப்பகுதிக்குத் தெற்கே மர்மில்லா என்னும் வேளாண்மைப் பகுதி. கோதுமை வயல்கள், ஒலிவத் தோப்புகள், சிறுசிறு குன்றுகள். அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள பாருமினி என்ற சிற்றூருக்கு அருகே நிற்கிறது சு நுராஷி என்னும் கற்கோட்டை. 'நுராகே' எனப்படும் இத்தகைய கற்கோபுரங்கள் அந்தத் தீவில் ஏறக்குறைய 7,000 உண்டு. அவற்றுள் மிகவும் பெயர்பெற்றது இது. 1950கள் வரை இது வெறும் மண்மேடாகத்தான் கிடந்தது. பாருமினியிலேயே பிறந்த தொல்லியல் அறிஞர் ஜொவான்னி லில்லியு அகழ்ந்த பிறகே கோட்டை வெளிப்பட்டது. 1997இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நடுக்கோபுரம் கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முந்தையது. எரிமலைக் குழம்பு இறுகி உருவான பசால்ட் கருங்கற்களைச் சாந்து இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் வட்டம் வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு வட்டமும் கீழுள்ளதைவிடச் சற்றே உள்வாங்கி, உச்சியில் கற்கள் கூடி முடிகின்றன. அந்தக் கற்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது அவற்றின் எடை மட்டுமே. மூன்று தளங்களோடு 18 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற கோபுரத்தின் உச்சித் தளம் இன்று இல்லை. நடுவே பிறை வடிவில் ஒரு முற்றம். அங்குள்ள கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கோட்டையைச் சுற்றி வட்ட வட்டமான கல்வீடுகளின் அடித்தளங்கள். இத்தனையும் கட்டிய மக்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. அடிக்கல் நாட்டியவர் யார், திறந்து வைத்தவர் யார் என்று சொல்ல ஒரு கல்வெட்டுகூட அங்கே கிடையாது.

நம் மறையுரைக்கு வேண்டியது அந்தக் கோட்டையின் வாசல். முதலில் அது தரையில்தான் இருந்தது. பிறகு நடுக்கோபுரத்தைச் சுற்றி நான்கு கோபுரங்களை எழுப்பி மதிலால் இணைத்தார்கள். அதுவும் போதாதென்று தோன்றியிருக்க வேண்டும். அந்த மதிலுக்கு வெளியே ஏறத்தாழ மூன்று மீட்டர் தடிப்பில் இன்னொரு சுவரைப் போர்த்தினார்கள். அதோடு தரையில் இருந்த வாசலை அடைத்துவிட்டு, ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரத்தில் புது வாசல் வைத்தார்கள். ஏணி இல்லாமல் எவரும் உள்ளே போக முடியாது. இன்றைக்குப் போகிறவர்களும் வெளியே மாட்டியிருக்கும் படிகளில் ஏறித்தான், குறுகலான வழியாக உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது.

இந்த மாற்றம் ஏன் என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். குடும்பமும் சொத்தும் உள்ள நமக்கு அது புரியாத புதிர் அல்ல. பயம் வந்தால் முதலில் மதில் தடிக்கும். மதில் தடித்தால் வாசல் உயரும். வாசல் உயர உயர, பகைவன் வர முடியாது என்பது உண்மை. பக்கத்து வீட்டுக்காரனும், பசித்தவனும், சொந்தத் தம்பியும் வர முடியாது என்பதும் உண்மை.

பாகப்பிரிவினை வழக்குக்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காத தங்கைகள் நம் பங்கில் இல்லையா? பிள்ளை வேறு சாதியில் திருமணம் செய்துகொண்டான் என்பதற்காக, பேரப்பிள்ளையின் திருமுழுக்குக்குக்கூட வராத தாத்தாக்கள் இல்லையா? கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் நம் நாட்டில் உண்டு. இறந்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பிவிட்டு, உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் நாம் அறிக்கையிடுகிறோம். சு நுராஷியின் சுவர் அந்தச் சுவர்களைவிட எவ்வளவோ தடிமனானது. அதைக் கட்டியவர்களை அது காப்பாற்றவில்லை. அவர்கள் பெயரைக்கூடக் காப்பாற்றவில்லை.

அன்புக்குரியவர்களே, பாருமினியில் நின்று வடமேற்கே பார்த்தால், மேசை போல உச்சி தட்டையான ஒரு மலை தெரியும். ஜாரா பீடபூமி என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர் உயரம். மேலே காற்றின் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த தக்கை மரங்கள்; மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வற்றிப்போகும் ஆழமில்லாத குட்டைகள். அந்த மேட்டில் குதிரைகள் கட்டுத்தறி இல்லாமல் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. ஏறத்தாழ 500 இருக்கும் என்கிறார்கள்.

குதிரை என்றதும் நாம் நினைக்கும் கம்பீரமான உயரம் அவற்றுக்கு இல்லை. முதுகு என் மார்பளவுக்குத்தான் வந்தது. கருமையோ கரும்பழுப்போ ஆன உடல், கண்ணை மறைக்கும் பிடரிமயிர், வாதுமைக் கொட்டை வடிவக் கண்கள். வசந்த காலத்தில் குட்டைகளை வெள்ளைப் பூக்கள் மூடியிருக்க, ஒரு தாய்க்குதிரை தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்தி நீர்ச்செடியைப் பிடுங்கித் தின்றதைப் பார்த்தேன். அது தலையைத் தூக்கியபோது தாடையிலிருந்து நீர் வடிய, வாயோரத்தில் வேர்கள் தொங்கின. கல்லும் காற்றும் உள்ள அந்த மேட்டில் கிடைப்பதைத் தின்று, கிடைக்காத மாதங்களில் மெலிந்து, அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும் உயிர்கள் அவை.

விவிலியத்தில் குதிரை பெரும்பாலும் போர்க்கருவி. பார்வோனின் தேர்களை இழுத்தவை குதிரைகள். குதிரைகளின் வலிமையை நம்பி மோசம்போக வேண்டாம் என்று திருப்பாடல்களும் இறைவாக்கினர்களும் எச்சரிக்கிறார்கள். எருசலேமுக்குள் நுழைந்த நம் ஆண்டவர் குதிரையில் வரவில்லை, கழுதைக்குட்டியில் வந்தார். ஜாராவின் குதிரைகளோ போர்க்குதிரைகள் அல்ல. அடிவாரத்து உழவர்கள் அறுவடை நாள்களில் அவற்றைக் கீழே ஓட்டி வந்து, நம் ஊர்க் களத்தில் மாடுகளைப் பிணைத்துப் போரடிப்பதுபோல், கோதுமைக் கதிரை மிதிக்க வைப்பார்கள். கடந்த நூற்றாண்டின் நடுவில் எந்திரங்கள் வந்தன. களத்தில் வேலை போனதும் குதிரைகளுக்கு மதிப்பும் போனது. பல இறைச்சிக்கு விற்கப்பட்டன. இனமே அற்றுப்போகும் நிலை வந்த பிறகுதான், இவை உயிரோடு இருப்பதே போதும் என்று பாதுகாக்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் திருத்தூதர் பவுலைக் கேட்போம். தெசலோனிக்காவில் சிலர், ஆண்டவர் சீக்கிரம் வரப்போகிறார் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு, பிறர் காரியங்களில் தலையிட்டுக்கொண்டு திரிந்தார்கள். உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் வேண்டாம் என்ற பொருளில் பவுல் அவர்களைக் கண்டிக்கிறார். இந்த வார்த்தையை எடுத்து ஏழைகளை அடிப்பவர்கள் உண்டு. பவுல் பேசுவது உழைக்க மனம் இல்லாதவர்களைப் பற்றி. உழைக்க வழி இல்லாதவர்களையும், உழைத்து ஓய்ந்தவர்களையும் பற்றி அல்ல. எந்திரம் வந்தபின் வேலை இழந்தவரையும், கைகால் விழுந்து கட்டிலில் கிடக்கும் முதியவரையும் பார்த்து, இவரால் என்ன பயன் என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 முதல் இதே ஞாயிறை உலக வறியோர் நாளாகக் கொண்டாடச் சொன்னதை நினைத்துக்கொள்வோம்.

அந்தப் பீடபூமியின் அடிவாரத்தில் ஜெஸ்தூரி என்ற ஊர். அங்கே 1882இல், ஓர் ஏழை உழவர் குடும்பத்தில், பின்னாளில் அருளாளர் நிக்கோலா என நாம் போற்றும் மனிதர் பிறந்தார். சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்து, உறவினர் நிலத்தில் உழைத்து வளர்ந்தவர். ஏறக்குறைய 29 வயதில் கப்புச்சின் துறவியர் மடத்தின் கதவைத் தட்டினார். குருவாக அல்ல, துறவற சகோதரராக. 1924இல் அவரைத் தீவின் தலைநகரான காலியாரிக்கு அனுப்பி, தெருத்தெருவாகப் போய்க் காணிக்கை கேட்கும் பணியைக் கொடுத்தார்கள். 1958இல் இறக்கும்வரை, 34 ஆண்டுகள், தோளில் பையோடு அவர் செய்தது இதைத்தான்.

பிச்சை எடுத்தவரைப் புனிதராகப் பார்க்கலாமா, பவுலுக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். அது அவருக்குத் தரப்பட்ட வேலை. ஒரு நாளும் அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர் நடந்தது மடத்துக்காகவும் மடத்தை நாடிவந்த ஏழைகளுக்காகவும். அதிகம் பேசமாட்டார். மௌனச் சகோதரர் என்றே மக்கள் அழைத்தார்கள். நாளடைவில் அவர் கேட்காமலே கொடுத்தார்கள். தங்கள் துயரங்களையும் அவரிடம் இறக்கி வைத்தார்கள். 1943இல் காலியாரி மீது குண்டுகள் பொழிந்து மக்கள் நகரைவிட்டு ஓடினார்கள். அவர் ஓடாமல் அங்கேயே இருந்து துன்புற்றோருக்குத் துணைநின்றார். 1999 அக்டோபர் 3ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

அருகருகே வைத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கில், பயத்தால் வாசலை ஏழு மீட்டர் உயர்த்திய கோட்டை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து, வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நின்ற மனிதர். ஆண்டவர் இன்று கேட்கும் மனவுறுதி யாரிடம் இருந்தது? நாளை என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியாது. போரும் பஞ்சமும் அவர் காலத்திலும் வந்தன. அவருக்குத் தெரிந்தது, இன்றைக்கு எந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்பது மட்டும். இன்றைய கடமையைப் பயமின்றிச் செய்வதும், கதவை மூடாமல் இருப்பதுமே நற்செய்தி சொல்லும் மனவுறுதி.

ஆண்டவருடைய பெயருக்கு அஞ்சி நடப்போர்மேல் நீதியின் கதிரவன் எழும் என்று முதல் வாசகத்தில் மலாக்கி வாக்களிக்கிறார். மூன்று மீட்டர் சுவருக்குள் கதிரவன் எப்படி வரும்? நாம்தான் வெளியே வர வேண்டும்.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். பேச்சுவார்த்தை அற்றுப்போன ஓர் உறவின் வீட்டுக்கு, யார் முதலில் பேசுவது என்று கணக்குப் பார்க்காமல், நீங்களே போய் வாருங்கள். உங்கள் அன்பியத்தில் படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவருடன் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். அறிவுரை வேண்டாம், கூட இருப்பதே போதும். நம் வீட்டு வாசலுக்கு உதவி கேட்டு வருகிறவரிடம், கொடுக்க இருக்கிறதோ இல்லையோ, பெயரைக் கேட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, மரியாதையோடு பேசி அனுப்புங்கள்.

இப்போது பலிபீடத்தைச் சுற்றிக் கூடுகிறோம். அப்ப வடிவில் தம்மையே கையளிக்கும் ஆண்டவர், நமக்கும் தமக்கும் நடுவே எந்த உயரத்தையும் வைக்கவில்லை. அவரை உட்கொள்ளும் நாமும் நம் வாசல்களைத் தரைக்கு இறக்குவோம். அதற்கான துணிவை இத்திருப்பலியில் மன்றாடுவோம். ஆமென்.